இருபத்தெட்டு டாலர் தூரம்

ஏப்ரல் இரண்டாம் வாரம்.
டுலூத் நடைபாதையோரம்
பனி கறுத்துக் கிடக்கிறது.
பகலில் நான் மாவட்டத்து உப்புக் கிடங்கில்
லாரி எண் குறிப்பவள்.
சாலைக்கு உப்பிடுகிறேன்.
எந்தச் சாலையும் என்னை
உள்ளளவும் நினைத்ததில்லை.
அந்தச் சம்பளத்துக்கான தாள்
ஜனவரியிலேயே வந்துவிட்டது,
பிடித்ததும் மிச்சமும் அச்சாகி.

இரவுக் காசுக்குத்தான் தாள் இல்லை.
இறந்தவர்களைப் பற்றி
நாளிதழில் போட
நூற்றைம்பது சொல்லில் எழுதித் தருகிறேன்.
தலைக்கு அறுபது டாலர்.
தலைக்கு என்றெழுதி
அடித்துவிட்டேன்.
ஆளுக்கு.

"ரொக்கம்தானே," என்கிறான் மைத்துனன் கர்ட்.
"யார் கேட்கப் போகிறார்கள்?
உன் வாடிக்கையாளர்களில் சாட்சி சொல்ல
எழுந்து வருகிறவன் யார்?"
சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான்.
அவன் போனதும்
ஷூ பெட்டியைக் கவிழ்த்தேன்.

ஐனார் சவோலா, இழுவைப் படகு மாலுமி.
நீந்தத் தெரியாது,
அதையும் எழுதச் சொன்னது அவர் மனைவி.
காசோலை, அறுபது.
பெர்னடெட் குபியெட்ஸ்,
முப்பத்தோரு வருடம் பிறர் கல்யாணத்துக்குக் கேக் செய்தவள்.
மகள் பத்துப் பத்தாக எண்ணித் தந்தாள்,
நோட்டில் வெண்ணிலா வாசம்.
பதினொன்று நாள் வாழ்ந்த ஒரு பையன்.
ஆறு வரி.
பாதி விலை என்று நினைத்து
நாற்பது வாங்கியிருக்கிறேன்.
முப்பதல்லவா பாதி?
வாங்கியே இருக்கக் கூடாது.
படிவத்தில் அதற்கென்று தனிக் கட்டமில்லை,
எல்லாவற்றோடும் சேர்த்துக் கூட்டினேன்.

வரவு அறுநூற்று நாற்பது.
மை, தாள், பெட்ரோல், தபால் தலை
கழித்தால் நானூற்றுப் பன்னிரண்டு.
நானூறைத் தொட்டால்
சுயதொழில் வரி என்று தனியாக ஒன்று.
ஐம்பத்தெட்டு டாலர்.
பன்னிரண்டு டாலருக்கு மேல்
ஒரு செலவு, ஒரே ஒரு செலவு
நினைவுக்கு வந்தால் போதும்.

வந்தது.
அக்டோபர், நைஃப் ரிவர்,
ஆர்வில் மேக்கியின் வீடு.
போக வர நாற்பது மைல்,
இருபத்தெட்டு டாலர்.
அச்சான குறிப்பை வெட்டியெடுத்து
லொரெய்னிடம் கொடுக்கத்தான் போனேன்.
வேலை. சந்தேகமில்லாமல் வேலை.
பேனாவை எடுத்தேன்,
தேதி பார்க்கக் காரின் கையறைப் பெட்டியைத் துழாவினேன்.

அங்கே இருந்தது அந்தத் துண்டு.
நாலாக மடித்தபடி,
கொடுக்கப்படாமல்.

பிறகுதான் அந்த மாலை முழுதாகத் திரும்பியது.
லொரெய்ன் புகையிட்ட மீனை
செய்தித்தாளில் வைத்துப் பிட்டாள்.
ஆர்வில் பற்றி ஒரு சொல் பேசவில்லை நாங்கள்.
ஏரி சாம்பலாகி, பிறகு தெரியாமல் போனது.
விளக்குப் போடலாம் என்று
இருவருக்கும் தோன்றவில்லை.
கிளம்பும்போது அவள்
என் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

சட்டம் என்ன சொல்லும் தெரியாது.
எண்ணம்தான் கணக்கு என்று சொல்லலாம்,
கர்ட் நிச்சயம் சொல்வான்.
நான் அந்த நாற்பது மைலை
எந்தக் கட்டத்திலும் போடவில்லை.
நல்லவள் என்பதால் அல்ல.
போட்டால் அந்த மீன்
கூலியாகிவிடும்.

முதல் வரி கடைசியாக மிஞ்சியது.
தொழிலின் பெயர் கேட்கும் வரி.
நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக
ஓர் அரசாங்கம் கேட்கிறது.
எழுத்து, என்று எழுதினேன்.
சற்று அதிகமாகப்பட்டது.
இரங்கல் குறிப்பு, என்று முன்னால் சேர்த்தேன்.
ஐம்பத்தெட்டு டாலருக்கு மோசமில்லை.

ஞாயிறு காலை
மடித்த தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
வடக்கே ஓட்டினேன்.
சாலையில் என் உப்பு வெளுத்திருந்தது.
கிளம்பும்போது மைல் எண்ணைப் பார்க்கவில்லை.